நான்கு விரற்கடை

ஜனவரி. கெமியில் மைனஸ் இருபத்து நான்கு.
வோல்வோவின் ஓட்டுநர் பக்கக் கதவை
உள்தோல் உரித்து நிறுத்தியிருக்கிறேன்.
உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கம்பி, கொஞ்சம் துரு,
எந்த வருடத்திலோ தவறி விழுந்த பார்க்கிங் சீட்டு.

பழைய ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துபோய்
வானிலை வாசிப்பவருக்கு
மூன்று மாதமாக ஜலதோஷம்.
ரோவனியெமிக்குப் போகவர
தினம் இருநூற்று முப்பது கிலோமீட்டர்
அவரோடுதான் ஓட்டுகிறாள் அவுதி.
"காற்று எந்தத் திசை என்று
தும்மலை வைத்து ஊகிக்கிறேன்" என்றாள்.

புதியது ஆறரை அங்குலம்.
கதவின் ஓட்டையோ
வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை,
யாரோ கடித்து வைத்த கம்பு ரொட்டி.
கடையில் விற்கும் எந்த வளையமும்
அந்தக் கடிவாய்க்குப் பொருந்தவில்லை.
அட்டையில் வரைந்து, வெட்டி, வைத்துப் பார்த்து,
மறுபடி வெட்டி,
ஐந்தாவது அட்டை ஒப்புக்கொண்டது.

பக்கத்து வீட்டு டைஸ்தோவின் ரம்பம்,
பதினெட்டு மில்லிமீட்டர் பிர்ச் பலகை.
ஒலி முழங்காலுக்குப் போய் என்ன பயன்?
மூன்று குச்சிகளில் வளையத்தைக்
காதுப் பக்கம் சாய்த்து நிறுத்தி
என் பழைய கம்பளி மேற்சட்டையை
முரசுக்குத் தோல் போர்த்துவதுபோல்
இழுத்துக் கட்டினேன்.
பாக்கெட் தையல் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது.
இருக்கட்டும்.

ரெசின் பூசினேன். இறுகவில்லை.
இரண்டு நாள் கழித்தும்
ஜூலை மாதத்துப் பைன் மரம்போல
தொட்ட விரலை விடமாட்டேன் என்றது.
குளிரில் வேதியியலுக்கும் கை விறைக்கும்.

வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று.
சனிக்கிழமை மத்தியானம்
சௌனாவின் மேல்படியில் டவல் விரித்து
இரண்டு வளையங்களையும் உட்காரவைத்தேன்.
நாற்பது டிகிரி. கல்லில் தண்ணீர் ஊற்றவில்லை.
நான்கு மணிக்குத் தட்டினேன்.
டொக்.
அந்த டொக்கைக் கேட்கத்தானே இத்தனையும்.

ஐந்து மணிக்கு அவுதி வந்து கதவைத் திறந்தாள்.
மூடினாள்.
அந்த நாற்றம்
படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குள்
தலையை விட்டவர்களுக்குத் தெரியும்.
அடுத்த மூன்று சனிக்கிழமையும்
டைஸ்தோவின் சௌனாவில்
டைஸ்தோவின் அரசியலோடு சேர்ந்து வியர்த்தோம்.

அப்புறம் உப்புத்தாள், உப்புத்தாள், உப்புத்தாள்.
பாக்கெட் தையல் தழும்பாக நின்றுவிட்டது.
சுண்டினால் தகரம் கிணுங்கிய இடமெல்லாம்
தார்ப்பட்டை ஒட்டினேன்.
இப்போது சுண்டினால் "உம்" என்கிறது,
கேட்டதை யோசிக்கும் ஆள் மாதிரி.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
நான் கதவுக்கு வாய் வைத்தேன்.
வானிலை வாசிப்பவர் குணமானார்.
அவர் தாளைப் புரட்டுவதும்
வடக்கு மாவட்டங்களுக்கு வருமுன்
ஒரு மூச்சு இழுப்பதும் கேட்டது.
அவுதி ஒன்றும் சொல்லவில்லை.
வீடு வந்த பின்னும் பத்து நிமிடம்
காரைவிட்டு இறங்கவில்லை.
சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்,
டாஷ்போர்டு வெளிச்சத்தில்
பச்சையாக அவள் கன்னம்.

ஏப்ரல் கடைசி.
நெடுஞ்சாலைக் காபிக் கடையின் ஓரம் நிறுத்தி
அவுதி கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்றினாள்.
நான்கு விரற்கடை இறங்கியது.
டக்.

காந்தம்.
ஆழம் அளந்தேன், அளக்காமல் இல்லை,
கண்ணாடி மேலே இருக்கும்போது.
ஜனவரியில் எவன் இறக்கிப் பார்ப்பான்?
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கைப்பிடியைப் பார்த்தேன்.
கடைப் பையன் மூடியை அழுத்தி,
கோப்பையைப் படுக்கவைக்காத குறையாய்
அந்த இடைவெளியில் நுழைத்தான்.
பாதி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

பலகை இன்னும் பன்னிரண்டு மில்லிமீட்டர்
வெளியே வரவேண்டும்.
மறுபடி துணி, மறுபடி ரெசின்.
"ஜூனில் முற்றத்திலேயே இறுகிவிடும்" என்றேன்.
"முற்றத்தில்" என்றாள் அவுதி,
கையைத் துடைத்துக்கொண்டு
ரேடியோவைக் கூட்டினாள்.
தெற்கிலிருந்து காற்று,
நொடிக்கு ஐந்து மீட்டர்.
நான்கு விரற்கடை வழியே
அதுவும் உள்ளே வந்துகொண்டிருந்தது.